சவேலியெவ் மூன்றாம் பாகம் கீழவாசலில் கிடைக்குமாம்!

குடந்தை வாத்தியார்:
தஞ்சாவூர் செல்வன் நேற்று எழுதியதைப் பார்த்தீர்களா? ரஷ்யர் சவேலியெவ் எழுதிய ‘பொது இயற்பியல்’ பாடநூல் மூன்று பாகமும் தஞ்சாவூர் கீழவாசல் பழைய புத்தகக் கடையில் சாதாரணமாகக் கிடைக்குமாம், தேடச் சோம்பல்படுகிறவர்கள்தான் அரிய புத்தகம் என்று அலட்டுகிறோமாம். முதல் இரண்டு பாகம் சரி, என்னிடமே இருக்கிறது. குவாண்டம் ஒளியியலும் அணுக்கருவும் வருகிற மூன்றாம் பாகத்தை அங்கே கண்ணால் பார்த்தவர் யார்? எந்தக் கடை?

தஞ்சாவூர் செல்வன்:
கடையைச் சொன்னால் விடிவதற்குள் போய் அள்ளிவிடுவீர்கள். மாஸ்கோவில் மீர் பதிப்பகம் அச்சிட்டதை நியூ செஞ்சுரி புத்தகக் கடைக்காரர்கள் எவ்வளவு மலிவாக விற்றார்கள் என்று தெரியாதா? டெல்டாவில் பாதி வீட்டுப் பரணில் கிடக்கும்.

குடந்தை வாத்தியார்:
பரணில் கிடப்பது பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’, தம்பி. நான் கேட்டது மூன்றாம் பாகம். பார்த்தீரா, இல்லையா?

மன்னார்குடி மைனர்:
சரஸ்வதி மகால் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாமே சார்?

குடந்தை வாத்தியார்:
தாராளமாக. ஓலைச்சுவடியில் எழுதித் தருவார்கள்.

மன்னார்குடி மைனர்:
கிண்டல் எதற்கு? அங்கே அச்சுப் புத்தகமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லூரி வந்த ஊர் உங்களுடையது, ராமானுஜன் படித்த கல்லூரி என்று பீற்றிக்கொள்கிறீர்களே, அங்கே போய்த் தேடுவதுதானே?

தஞ்சாவூர் செல்வன்:
ஆங்கிலத்தில் தேறவில்லை என்று அவருடைய உதவித்தொகையை நிறுத்திய கல்லூரி!

குடந்தை வாத்தியார்:
ராமானுஜனை ஏன் இழுக்கிறீர்கள்? மூன்றாம் பாகம் எங்கே?

திருவையாற்றுக்காரி:
மூன்றுமே ஸ்கேன் செய்து நெட்டில் இலவசமாகக் கிடக்கிறது. இறக்கிக்கொள்ளாமல் இப்படியா அடித்துக்கொள்வீர்கள்?

குடந்தை வாத்தியார்:
பிடிஎஃப் எல்லாம் புத்தகக் கணக்கில் வராது அம்மா. மாஸ்கோவில் அச்சான மூன்றாம் பாகம் என்னிடமே இருந்தது. மகன் ஐஐடி தேர்வு எழுதப் போகிறான், ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப் போன மகராசன் இங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தஞ்சாவூர் செல்வன்:
அப்படி வாருங்கள்! கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டவரே கையில் வைத்திருந்திருக்கிறார்.

குடந்தை வாத்தியார்:
அது டெல்லியில் வாங்கியது. நான் கேட்டது கீழவாசல். கடைப் பெயர் இன்னும் வரவில்லை.

மன்னார்குடி மைனர்:
அந்த மகராசன் நான்தான் என்கிறீர்களா? என் மகன் காமர்ஸ் படிக்கிறான் சார்.

குடந்தை வாத்தியார்:
நான் யார் பெயரையும் சொல்லவில்லையே.