எமர்ஜென்சி லைட்: பட்டனை அழுத்திப் பார்த்தால் போதுமா?

கட்டட மின் பராமரிப்பில் இருப்பவர்களுக்கும் அபார்ட்மென்ட் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எங்களிடம் வந்தது. எமர்ஜென்சி லைட் என்பது, தனக்கு வரும் கரண்ட் நின்றதும் உள்ளே இருக்கும் பேட்டரியில் தானாக எரிவது. அங்கே எல்லா எமர்ஜென்சி லைட்டிலும் பச்சை எல்.இ.டி. எரிந்தது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. பழைய ரிஜிஸ்டரிலும் மாதாமாதம் ‘ஓகே’. சரி, நிஜமாகவே பார்த்துவிடலாம் என்று மாடிப்படி லைட்டிங் எம்.சி.பி.யை, அதாவது அந்த லைனைத் துண்டிக்கும் பிரேக்கரை, இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்திலேயே பாதி லைட்டுகள் மங்கி அணைந்துவிட்டன. நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கேட்பது குறைந்தது ஒன்றரை மணி நேரம். சார்ஜருக்கு கரண்ட் வந்தாலே பச்சை எரியும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அது காட்டாது.

ஏன் இப்படி என்று தேடினோம். வெளிநோயாளிகள் பிரிவு வராந்தாவில் எமர்ஜென்சி லைட்டின் சார்ஜிங் லைனையும் சுவிட்சுக்குப் பின்னால் இருந்து எடுத்திருந்தார்கள். இரவில் காவலர் சுவிட்சை அணைத்ததும் எமர்ஜென்சி லைட் எரியும். அதை நைட் லாம்ப் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். தினமும் அடிவரை வடிந்தால் எந்த பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று அடுத்த மாடியில் இருந்தது. அங்கே எமர்ஜென்சி லைட்டுக்கு சப்ளையை யு.பி.எஸ். லைனில் இருந்து கொடுத்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தளத்து லைட்டிங் எம்.சி.பி. மட்டும் ட்ரிப் ஆனால், யு.பி.எஸ். கரண்ட் தொடர்ந்து வருவதால் எமர்ஜென்சி லைட் எரியவே எரியாது. பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் படிக்கட்டு கும்மிருட்டாகிவிடும். எந்த விளக்கு அணைந்தால் இது எரிய வேண்டுமோ, அதே சர்க்யூட்டில், சுவிட்சுக்கு முன்னால் இருந்து ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) எடுப்பதுதான் முறை. அப்படியே மாற்றினோம்.

“ஜெனரேட்டர்தான் இருக்கிறதே” என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். தீப்பிடித்தால் முதலில் கட்டடத்தின் மின்சாரத்தைத்தான் துண்டிப்பார்கள். டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். இருட்டும் புகையுமாக இருந்த அரங்கில் எமர்ஜென்சி லைட் இல்லாததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. இந்த வேலையை யாராவது அலட்சியமாகச் செய்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

வருடத்துக்கு ஒரு முறையாவது முழு நேரமும் எரியவிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம். வடிந்த பேட்டரி திரும்ப நிறைய ஒரு நாள் பிடிக்கும், அதுவரை கட்டடத்துக்குப் பாதுகாப்பு இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யலாம். ரிஜிஸ்டரில் ‘ஓகே’ போடாமல், எத்தனை நிமிடம் எரிந்தது என்று எழுதுங்கள்.

*

அண்ணா, நான் கோவையில் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர். நீங்கள் சொன்னபடி எம்.சி.பி.யை இறக்கிப் பார்த்தோம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் லைட்டுகள்தான் முதலில் அணைந்தன, கீழ்த்தளத்தில் பிரச்சினை இல்லை. பெயின்ட் அடித்தவர்கள் ஒரு எக்சிட் போர்டின் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?

*

போதும் தம்பி, சார்ஜர் நன்றாக இருந்தால். மேல்தளத்துச் சூட்டில் லெட் ஆசிட் பேட்டரி பாதி ஆயுள்கூடத் தாங்காது. அதே வோல்டேஜ், அதே ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு), அதே வகை பேட்டரியாக வாங்குங்கள். வகை மாறினால் சார்ஜர் ஒத்துப்போகாது. மாற்றிய தேதியை லைட்டின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள், அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு உதவும்.