மறு: 'கம்ப்ளீட் இன் பாக்ஸ்' என்பதற்குத் தமிழ்?

வணக்கம். பெட்டி, கையேடு என எதுவும் குறையாமல் இருக்கும் பழைய வீடியோ கேமைச் சேகரிப்பவர்கள் 'கம்ப்ளீட் இன் பாக்ஸ்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள்.

> 'முழுப்பிரதி' என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். பிரதி என்றாலே நகல் என்ற பொருளும் கூடவே வரும். பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலியே நகல்கள்தான். அசலைக் குறிக்கும் சொல்லில் அந்தச் சந்தேகம் எதற்கு?

நிண்டெண்டோ நிறுவனத்தின் வண்டிப் பந்தய விளையாட்டான சூப்பர் மாரியோ கார்ட்டை வைத்துப் பார்ப்போம். 1990இல் வந்த எஃப்-ஜீரோ ஒருவர் மட்டும் ஆடும் பந்தயம். அதுபோன்ற ஒன்றை இருவர் ஆடும்படி செய்யத்தான் நிண்டெண்டோ குழு முதலில் முயன்றது. திரையை இரண்டாகப் பிரித்தபோது அந்த வேகத்தையும் நீண்ட நேர்ப்பாதைகளையும் விளையாட்டுக் கருவி தாங்கவில்லை. அதனால்தான் குட்டி வண்டிகளும், வளைந்து வளைந்து சின்ன இடத்துக்குள் அடங்கும் பாதைகளும். நிண்டெண்டோவின் புகழ்பெற்ற கதாபாத்திரமான மாரியோகூடப் பிறகுதான் வண்டியில் ஏறினார். முதல் மாதிரியில் ஓட்டியது ஓவரால் போட்ட யாரோ ஒரு ஆள். 1992 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியானது. தனியாக ஆடினாலும் திரை இரண்டாகவே நிற்கும், கீழ்ப்பாதியில் வரைபடமோ பின்பக்கக் காட்சியோ ஓடும். (அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

மொத்தம் 87 லட்சத்துக்கு மேல் விற்ற விளையாட்டு இது. ஆகவே கேட்ரிட்ஜ், நம் ஊர்ப் பேச்சில் கேசட், அரிய பொருளே அல்ல. அரிதாகிப்போனது அட்டைப்பெட்டி. பிள்ளைகள் பிரித்த அன்றே கிழித்துப் போட்டது அதைத்தான். பெட்டி, கையேடு, கேட்ரிட்ஜை அசையாமல் பிடிக்கும் உள்தட்டு எல்லாம் சேர்ந்திருந்தால் விலையே வேறு. மதிப்பு பெட்டியில் இருக்கிறது என்றால் சொல்லிலும் பெட்டி இருக்கட்டும்.

என் பரிந்துரை: நிறைபெட்டி. நிறைகுடம், நிறைநாழி என்று ஏற்கெனவே புழங்கும் அமைப்புதான். 'மாரியோ கார்ட், நிறைபெட்டி, கையேட்டில் லேசான மடிப்பு' என்று விற்பனைக் குறிப்பில் எழுதிப் பாருங்கள், உறுத்தாது. பெட்டி இல்லாததை 'தனிக் கேட்ரிட்ஜ்' என்றாலே போதும். சீல் உடையாததற்கு 'பிரிக்காதது' இருக்கிறது, அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

பேட்டரி மாற்றிய கேட்ரிட்ஜ் இருந்தால் அது நிறைபெட்டி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகும். ஆட்டத்தில் வென்ற கோப்பைகளும் நேரப் பதிவுகளும் உள்ளே ஒரு பட்டன் பேட்டரியின் தயவில் நிற்கின்றன. முப்பது வருடம் கழித்து அது தீர்ந்துபோவது இயல்பு. குறிப்பில் சொல்லிவிட்டால் சரி. ஆனால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றியிருந்தால் கதை வேறு. அசல் பலகையில் பாதையைச் சாய்த்துக் காட்டும் கணக்குகளுக்கு உதவ டிஎஸ்பி-1 என்ற தனிச் சில்லு உண்டு. அது இல்லாத பலகையைப் பார்த்ததும் சந்தேகப்படலாம்.

அப்புறம், 'மறுபதிப்பு' என்பதைப் போலிக்குப் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் பிளேயர்ஸ் சாய்ஸ் என்ற முத்திரையோடு நிண்டெண்டோவே பின்னர் வெளியிட்டதுதான் மறுபதிப்பு. அசல் என்று ஏமாற்றி விற்பது போலி. இவை இரண்டிலும் சேராத 'ரீப்ரோ' ஒன்று இருக்கிறதே, புதிதாகச் செய்தது என்று சொல்லியே விற்பது, அதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'மறுவார்ப்பு' என்று நினைத்தேன், எனக்கே திருப்தி இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.