தண்ணீர் மூன்று மடங்கு, வண்டல் மட்டும் பாதி: இந்தக் கணக்கு சரிதானா?

கரைமேடு:
பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஆறுகளை ஒப்பிட்டு வருகிறேன். மழை ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய ஆற்றில் ஆண்டுக்கு மூன்று மடங்கு தண்ணீர் போகிறது. வண்டலோ சின்ன ஆற்றில் வருவதில் பாதிதான். மாதம் ஒரு மாதிரி எடுத்து, வண்டல் செறிவின் சராசரியை ஆண்டுச் சராசரி நீரோட்டத்தால் பெருக்கினேன். இந்த முடிவை நம்பலாமா?

நீரளவன்:
முடிவு நடக்கக்கூடியதுதான். நம்ப முடியாதது கணக்குப் போட்ட விதம்.

சீனாவின் மஞ்சள் ஆறும் யாங்சி ஆறும் ஒரே திபெத்திய மேட்டுநிலத்தில் பிறக்கின்றன. யாங்சியில் ஓடும் தண்ணீர் 15 மடங்குக்கும் மேல். ஆனால் அணைகள் பெருகும் முன் மஞ்சள் ஆறு ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டல் சுமந்தது, யாங்சி சுமார் 50 கோடி டன். காரணம், மஞ்சள் ஆறு ஓடிவரும் வழியில் காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் என்ற மென்மண். மழை விழுந்ததும் கரைந்து வந்துவிடும். ஆக, எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எந்த மண்மேல் ஓடி வந்த தண்ணீர் என்றும் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கு. சராசரியைச் சராசரியால் பெருக்கினால் வெள்ளம் காணாமல் போய்விடும். ஆண்டு வண்டலில் பெரும்பங்கு சில வெள்ள நாட்களிலேயே போய்விடுகிறது. மாதம் ஒருமுறை போகிறவர் கையில் பெரும்பாலும் தெளிந்த நீர்தான் கிடைக்கும். சின்ன ஆற்றில் வெள்ளம் சட்டென்று ஏறி இறங்குவதால் அங்கே இன்னும் அதிகம் தவறும்.

நீரோட்டத்துக்கும் வண்டலுக்கும் மடக்கைத் (log) தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் சரிவு, அதாவது அடுக்கு, 2 என்று வந்தால், ஓட்டம் இரட்டிக்கும்போது வண்டல் நான்கு மடங்காகும். மடக்கை மதிப்பிலிருந்து மறுபடி டன்னுக்கு மாற்றும்போது தொகை குறைவாகவே வரும். அந்தக் குறைவை ஈடுகட்ட, 1983-இல் புள்ளியியலாளர் டுவான் தந்த ‘ஸ்மியரிங்’ திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். புதுவெள்ளம் ஏறும்போது இருக்கும் கலங்கல், அதே அளவு நீர் வடியும்போது இருக்காது. ஏறுமுகத்துக்கு ஒரு கோடு, இறங்குமுகத்துக்கு ஒரு கோடு போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

மணற்படுகை:
பெரிய ஆற்றின் மேலே அணை இருக்கிறதா? அதைச் சொல்லாமல் ஒப்பிடவே கூடாது.

கரைமேடு:
இருக்கிறது. என் அளவீடெல்லாம் அணை கட்டிய பிறகு எடுத்தவை.

நீரளவன்:
அப்படியானால் பாதி விடை அங்கேதான். யாங்சியிலும் 2003-இல் மூன்று பள்ளத்தாக்கு அணையில் நீர் தேக்கத் தொடங்கியதும் கீழே வண்டல் வெகுவாகக் குறைந்தது. அணைக்குக் கீழே வரும் துணையாறுகளைத் தனியாக அளந்து பாருங்கள். மொத்த டன்னை மட்டும் வைத்து ஒப்பிடாமல், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புக்கு எத்தனை டன் என்றும் பார்த்தால்தான் நிலத்தின் குணம் தெரியும். அணைக்குப் பின்னால் உள்ள பரப்பை அதில் தனியே காட்டுங்கள்.

மணற்படுகை:
மாதிரியை மேற்பரப்பில் மட்டும் மொண்டீர்களா? மணல் அடியை ஒட்டித்தான் ஓடும். மேலிருந்து அடிவரை, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் எடுக்க வேண்டும். அடியில் உருண்டு போகும் மணல் அதிலும் சிக்காது. அது தனிக் கணக்கு.

கரைமேடு:
மேற்பரப்பில்தான் எடுத்தேன். அடுத்த வெள்ளத்துக்கு இரண்டு ஆறுகளிலும் ஆழமாதிரிக் கருவியோடு ஆள் நிறுத்தப்போகிறேன். அதுவரை அந்த ‘பாதி’ என்ற எண்ணை எங்கும் எழுதமாட்டேன்.