மேலே ஒரு நோட்டு, கீழே இரண்டு, நடுவில் ஒரே ஸ்டெம்: லிலிபாண்டில் நான் பட்ட பாடு

கேரல் ஆராதனைக்காக எங்கள் சபைக் கொயருக்கு ஒரு பியானோ துணையிசை எழுதினேன். அதை லிலிபாண்ட் என்ற இசைக்குறிப்பு வரையும் மென்பொருளில் அச்சுக்குத் தயார் செய்தபோது மூன்று நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். இதே இடத்தில் நிற்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு: லிலிபாண்டில் மவுஸால் நோட்டை (சுரக்குறியை) இழுத்து வைக்க முடியாது. சி, ஈ, ஜி என்று எழுத்திலேயே தட்டச்சு செய்து கோப்பை ஓட்டினால் அது பிடிஎஃப் ஆக வரைந்து தரும். 1996-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கியது, இலவசம். அது வரைகிற பக்கத்தின் அழகுக்காகவே நான் வேறு மென்பொருளுக்குப் போகவில்லை.

என் சிக்கல் இதுதான். இடது கை ஒரு பத்தாம் இடைவெளி (அடிச் சுரத்தையும் சேர்த்து எண்ணினால் பத்தாவது சுரம்) எட்ட வேண்டும்: கீழே சி, நடுவில் ஜி, மேலே மிடில் சி-க்கு அடுத்து வரும் ஈ. அந்த ஈ-யை பாஸ் ஸ்டாஃபிலேயே (தாழ்ந்த சுரங்களுக்கான கீழ் ஐந்து கோடுகள்) எழுதினால் அவற்றுக்கு வெளியே இரண்டு குட்டித் துணைக்கோடு போட வேண்டும், ட்ரெபிள் ஸ்டாஃபில் (உயர்ந்த சுரங்களுக்கான மேல் ஐந்து கோடுகள்) என்றால் அது முதல் கோட்டிலேயே சுலபமாக உட்கார்ந்துவிடும். ஆனால் மூன்றும் ஒரே கையின் ஒரே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்று வாசிக்கிறவருக்குத் தெரிய, இரண்டு ஸ்டாஃபையும் தாண்டி ஒரே ஸ்டெம் (நோட்டுத் தலையிலிருந்து செங்குத்தாக நீளும் கோடு) ஓட வேண்டும். லிலிபாண்டில் இதற்கென்றே ஸ்பான் ஸ்டெம் என்க்ரேவர் (ஸ்டெம்களை இணைத்து வரைகிற உட்பகுதி) இருக்கிறது, கோப்பின் லேஅவுட் பகுதியில் பியானோ-ஸ்டாஃபுக்குள் (இரண்டு ஸ்டாஃபும் சேர்ந்த தொகுதி) அதைச் சேர்த்துவிட்டு, சேர வேண்டிய நோட்டுகளை கிராஸ்-ஸ்டாஃப் கட்டளைக்குள் வைக்க வேண்டும்.

சேர்த்தேன். கையேட்டின் உதாரணத்தில் இருப்பது போலவே கீழ் ஸ்டாஃபின் நோட்டுகளைக் குறித்தேன். ஓட்டினால் பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, ஸ்டெம் மட்டும் சேரவில்லை. அதைவிட மோசம், கிராஸ்-ஸ்டாஃப் கட்டளை தான் குறித்த நோட்டின் வாலை, அதாவது ஃபிளாகை, எடுத்துவிடும் (சேர்ந்த பிறகு மற்ற ஸ்டாஃபின் வாலே போதும் என்பதால்). சேராமல் வால் மட்டும் போனதில் என் அரை பீட் கார்ட் எல்லாம் ஒரு பீட் போலத் தெரிந்தன. ஒத்திகையில் பியானோ வாசித்த பெண் தாளில் இருந்தபடியே ஒரு பீட் பிடித்தாள், கொயர் முன்னால் ஓடிவிட்டது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

காரணம் பிடிபட்டது மூன்றாம் நாள். கிராஸ்-ஸ்டாஃப் குறித்த ஸ்டெம்தான் வேர். அது எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் மற்ற ஸ்டெம்மைத் தேடும், அதுவும் இரண்டும் நேர்க்கோட்டில், கிட்டத்தட்ட மயிரிழை பிசகாமல் இருந்தால் மட்டுமே இணைக்கும். மேல்நோக்கிய ஸ்டெம் நோட்டுத் தலையின் வலது ஓரத்தில் கிளம்புகிறது, கீழ்நோக்கியது இடது ஓரத்தில். எனக்கு மேலே வலது கையின் மெலடி இருப்பதால் ஈ இரண்டாம் குரலில் (அதே ஸ்டாஃபில் ஓடும் இரண்டாவது இழை) கீழ்நோக்கி நின்றது, கீழே நான் குறித்தவையோ மேல்நோக்கி. எப்படிச் சேரும்? அப்புறம் கீழே குறித்ததை எடுத்துவிட்டு மேலே உள்ள ஈ-யைக் குறித்தேன், கீழே சி, ஜி இரண்டின் ஸ்டெம்மையும் கீழ்நோக்கி விட்டேன். உடனே சேர்ந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஒரே ஒரு இடம் மட்டும் அடம்பிடித்தது. மெலடியில் எஃப் வருகிற இடம். எஃப்-உம் ஈ-உம் பக்கத்து நோட்டுகள், அதனால் லிலிபாண்ட் ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது, நகர்ந்தால் நேர்க்கோடு போய்விடுகிறது. அங்கே மட்டும் ஈ-யை பாஸ் ஸ்டாஃபிலேயே துணைக்கோட்டோடு எழுதிவிட்டேன். அந்த ஒரு கார்டுக்காக நோட்டை நகர்த்தும் கட்டளைகளைக் கட்டி மேய்க்க வேண்டியதில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் என் பழைய கோப்புகள்தான் நினைவுக்கு வந்தன. நான் இந்த என்க்ரேவரைத் தெரியாமல் பல வருடம் ஸ்டெம்மின் நீளத்தைக் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன், 12, 14 என்று. அன்றைக்குச் சரியாக இருக்கும். பிறகு இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் ஒரு ஃபோர்ட்டே குறியோ கிரெஷெண்டோவோ (சத்தத்தின் அளவைச் சொல்லும் குறிகள்) சேர்த்தால் இடைவெளி விரிந்து, ஸ்டெம் பாதி வழியில் நின்றுவிடும். மறுபடி எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். இணைப்பை மென்பொருளிடமே விட்டுவிட்டால் இடைவெளி மாறும்போது ஸ்டெம்மும் கூடவே நீள்கிறது. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: கிராஸ்-ஸ்டாஃப் குறித்த குரலில் தானியங்கி பீமை (வால்களுக்குப் பதில் நோட்டுகளை இணைக்கும் தடித்த கோடு) நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அரை பீட் நோட்டுகள் தங்களுக்குள் பீம் போட்டுக்கொண்டு தனி வழியில் போகும்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஸ்டெம்மை விட ஆர்பெஜியோவில்தான் (கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசிப்பது) இதே அனுபவம். பெரிய கார்டை அடியிலிருந்து உச்சி வரை ஒரே வீச்சாக உருட்ட வேண்டும், ஆனால் அச்சில் ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் தனித்தனி நெளிகோடு வந்தது. அதைப் பார்த்து வாசித்தவர் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் உருட்டினார், கேட்க வேறு மாதிரி ஆகிவிட்டது. கனெக்ட் ஆர்பெஜியோஸ் என்ற அமைப்பைப் போட்டேன், அப்படியும் சேரவில்லை. பார்த்தால் அதை மேல் ஸ்டாஃபுக்குள் போட்டிருக்கிறேன். பியானோ-ஸ்டாஃபின் பெயரைச் சொல்லித்தான் போட வேண்டும், ஆர்பெஜியோ குறியும் இரண்டு ஸ்டாஃபின் கார்டிலும் இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியானதும் ஒரே நெளிகோடாக மேலிருந்து கீழ் வரை இறங்கியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து பியானோவின் மேலேயே வைத்திருக்கிறேன்.