இடது பக்கத்தால் வரும் பைக்: கொழும்பு காலி வீதியில் கார்க்காரர் எங்கே பார்ப்பது?

கொழும்பு_ஆறு

என் கார் வேகன் ஆர். காலை 7.30க்கு வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு, பின்னேரம் திரும்ப. வலது பக்கத்தால் முந்தும் பைக்குகள் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. இடது பக்கம்தான் பிரச்சினை. கார் ஊர்ந்து கொண்டிருக்கும்போது நடைபாதைக்கும் காருக்கும் இடையில் ஒரு பைக் எப்போது நுழைந்தது என்றே தெரிவதில்லை. கேட்க நினைப்பவை:

சைட் மிரரை எப்படி வைத்தால் அந்த இடைவெளி முழுதும் தெரியும்? எதிரே வரும் பஸ் நின்று வழிவிட, வலதுபக்க ஒழுங்கைக்குள் திரும்பும்போது பஸ்ஸின் மறைவிலிருந்து வரும் பைக்கை என்ன செய்வது? பிள்ளைகளை இறக்கும்போது கதவு விஷயம்?

பைக் ஓடுபவர்களும் சொல்லுங்கள், காரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? பைக்காரரைத் திட்டும் பதில்கள் வேண்டாம், அவை வேறு இடங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன.

லேர்னர்ஸ்_மாஸ்டர்

முதலில் சட்டம். இடது பக்கத்தால் முந்துவது இங்கே குற்றம். முன்னால் போகும் வாகனம் வலதுக்குத் திரும்பச் சிக்னல் போட்டிருந்தால் மட்டும் அதன் இடதால் போகலாம். ஆனால் சட்டத்தை நம்பி இடது கண்ணாடியைப் பார்க்காமல் விட்டால் அடிபடுவது உங்கள் கதவும் அவருடைய முழங்காலும். ஆகவே வருவார் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

கண்ணாடி. பெரும்பாலானோர் சைட் மிரரில் கால்வாசிக்குத் தங்கள் காரின் கதவையே பார்த்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் கார் எங்கேயும் ஓடிப்போகாது, அதைப் பார்க்கத் தேவையில்லை. தலையை வலதுபக்கக் கதவுக் கண்ணாடியில் முட்டுமளவுக்குச் சாய்த்து, காரின் பின்மூலை மட்டுமட்டாகத் தெரியும்வரை வலது மிரரை வெளியே திருப்புங்கள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையைக் கொண்டுவந்து இடது மிரரையும் அதேமாதிரி வையுங்கள். நேராக உட்கார்ந்தால் இரண்டிலும் உங்கள் கார் தெரியாது. முதல் இரண்டு நாள் அந்தரமாக இருக்கும், பழகிவிடும்.

சரியா என்று பார்க்க, காரை ஓரங்கட்டி நிறுத்தி, வீட்டில் ஒருவரைக் காரின் பின்னாலிருந்து இடது பக்கமாக நடந்து முன்னுக்கு வரச் சொல்லுங்கள். உள்கண்ணாடியில் மறைய முன்பே இடது மிரரில் தோன்ற வேண்டும். இடது மிரரை விட்டுப் போகும்போது இடது கதவுக் கண்ணாடி வழியே கடைக்கண்ணில் பட வேண்டும். இடையில் ஒரு அடி தூரம் ஆள் காணாமல் போனாலும் அங்கே ஒரு டியோ ஸ்கூட்டர் ஒளிந்துகொள்ளும். இன்னும் கொஞ்சம் திருத்துங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சைட் மிரர் குவிந்த கண்ணாடி, அதில் பைக் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உள்கண்ணாடி தட்டை. தூரத்தை உள்கண்ணாடியில் மதிப்பிடுங்கள், ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு மட்டும் சைட் மிரர்.

இனி அந்த வலது திருப்பம். கொழும்பில் காரும் பைக்கும் மோதும் இடங்களில் இதைவிட மோசமானது இல்லை என்பேன். பஸ்காரர் நல்ல மனதோடு நின்று கையைக் காட்டுவார். அவர் காட்டுவது தன் முன்னாலுள்ள இடத்தைத்தான், தன் இடதுபக்கத்தை அவர் பார்த்துச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருந்தால் போதும், பைக் வரும். அது மணிக்கு 25 கிமீயில் வந்தால் ஒரு செக்கனுக்கு 7 மீட்டர். நீங்கள் இருப்பதோ உங்கள் பம்பருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் பின்னால். மூக்கு முதலில் போகிறது, கண் பிறகுதான் வந்து சேர்கிறது. உங்களுக்குப் பைக் தெரியும் நேரத்தில் பம்பர் ஏற்கெனவே அவர் பாதையில்.

அதனால் பஸ்ஸின் முன்னால் போகும்போது நடை வேகம்கூட அதிகம். பம்பர் பஸ்ஸின் இடது ஓரத்துக்கு நேரே வந்ததும் முழுதாக நிறுத்துங்கள். பிறகு ஒரு சாண், ஒரு சாணாக விடுங்கள். கதவுக் கண்ணாடியை இறக்கி, ஏசி காற்றாடியைக் குறைத்தால் பைக் சத்தம் கேட்கும். ஒரு சின்ன ஹோர்ன். பின்னால் நிற்பவர் ஹோர்னில் கையை வைத்து அழுத்தினாலும் அவசரப்பட வேண்டாம், அவர் உங்கள் பம்பருக்குக் காசு தரப் போவதில்லை.

டெலிவரி_150

மாஸ்டர் சொன்ன பஸ் கதையை பைக் பக்கத்தாலயும் சொல்லோணும். முன்னுக்கு றோட் வெறுமையாக் கிடக்குது, ஆனா பஸ் நிக்குது எண்டால் சும்மா நிக்கேல்ல. ஒண்டில் ஆள் இறங்குது, இல்லாட்டி பாதசாரிக் கடவையில யாரோ கடக்குது, இல்லாட்டி உங்கட வேகன் ஆர் திரும்புது. மூண்டுக்கும் ஒரே மருந்து: நிக்கிற பஸ்ஸின்ர இடதுக்குள்ள போகவே கூடாது. ஹோல்ட்டில இறங்குற ஆள் பின்னுக்குப் பாக்காமத்தான் காலை வைக்கும்.

நெரிசலுக்குள்ள நுழைஞ்சு போற பொடியளுக்கு ஒரு கணக்கு. நிக்கிற வாகனங்களுக்கு நடுவில 20ல போனால், கண்டு பிரேக் பிடிச்சு நிக்க ஒரு செக்கன் யோசினையோட சேர்த்து 8 மீட்டர் வேணும், ரெண்டு வேகன் ஆர் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. 40ல போனால் 20 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு வேகன் ஆர். காலி வீதி நெரிசலில ஆறு வாகனத்துக்குள்ள ஒரு கதவும் திறக்காது, ஒரு ஓட்டோவும் திரும்பாது எண்டு யாராலயும் சொல்ல ஏலாது. வாகனங்கள் ஊர்ந்தால் அதுகளைவிட 15 கிமீ கூடப் போறதுதான் மேல் எல்லை. அதுகள் 30க்கு மேல ஓடத் தொடங்கினால் நடுவில நுழையிறதை விட்டிட்டு வரிசையில நில்லுங்கோ.

சிக்னல் லைட்டைப் பாக்காதேங்கோ, முன் சில்லைப் பாருங்கோ. காரின்ர உடம்பு அசைய முன்னமே சில்லு திரும்பும், உங்கட பக்கம் திரும்புது எண்டால் டயரின்ர முன் ஓரம் ஒரு விரலளவு வெளிய தெரியும். அது தெரிஞ்சால் ரெண்டு விரல் முன் பிரேக்கில இருக்கோணும். ஓட்டோ எண்டால் பின்னுக்கிருந்து அந்த ஒத்தைச் சில்லு தெரியாது, சாரதியின்ர தோள் சாயிறதைப் பாருங்கோ. ஓட்டோ நிண்ட இடத்திலயே சுத்தித் திரும்பும், காரைப்போல நீளமா வளைஞ்சு போகாது.

இன்னொண்டு, காரின்ர கண்ணாடியில சாரதியின்ர முகம் உங்களுக்குத் தெரியாட்டி அவருக்கு நீங்களும் தெரியேல்ல. அந்த இடத்தில தங்காதேங்கோ, முன்னுக்குப் போங்கோ, இல்லாட்டிப் பின்னுக்கு நில்லுங்கோ.

கார்க்காரருக்கு: எங்களுக்கு வழிவிடுறம் எண்டு சடாரெண்டு ஒதுங்க வேண்டாம். ஒதுங்குற பக்கத்திலதான் ரெண்டாவது பைக் வரும். நேரா, ஒரே கோட்டில போங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம். இடது பக்கம் ஒண்டில் ஒரு மீட்டருக்கு மேல விடுங்கோ, இல்லாட்டி பைக் நினைச்சும் பாக்காத மாதிரி ஒட்டிப் போங்கோ. எங்கட ஹாண்டில் அகலம் 70, 80 செ.மீ. நீங்கள் 80ஐ விட்டால் “போகலாம் போல” எண்டு நம்ப வைக்குது, அங்கதான் மிரரும் மிரரும் முட்டுது. ரெண்டும் நிலத்தில இருந்து ஏறக்குறைய ஒரே உயரம். வெற்றிலை துப்ப முன்னமும் கண்ணாடியை ஒருக்காப் பாருங்கோ, புண்ணியமாப் போகும்.

கிருலப்பனை_கார்

மாஸ்டரின் கண்ணாடி முறை ஹைவேக்குச் சரி. டவுனுக்குள் இடது மிரரில் காரின் கைபிடி ஒரு விரல் அகலமாவது தெரிய வேண்டும் என்பது என் கட்சி. காரே தெரியாவிட்டால் பைக் கதவிலிருந்து அரை அடியிலா இரண்டு அடியிலா என்று எதை வைத்து அளப்பது?

லேர்னர்ஸ்_மாஸ்டர்

நியாயமான கேள்வி. அளப்பதற்கு அது உதவும். ஆனால் அந்த ஒரு விரல் வெளிப்பக்கத்தில் குறையும். ஒட்டுக்கண்ணாடி, அந்தச் சின்ன வட்டக் குவிகண்ணாடி, இடது மிரரின் மேல் வெளிமூலையில் ஒட்டினால் இரண்டும் கிடைக்கும். 5 செ.மீ. விட்டத்துக்குப் பெரிதாக வாங்க வேண்டாம், மிரரையே மறைத்துவிடும். வலது மிரரில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பஞ்சிகாவத்தை_பாட்ஸ்

எல்லாரும் கண்ணப் பத்திப் பேசுறீங்க, லைட்டப் பத்தி யாரும் பேசல்ல. பின்னுக்கு வாற கார்க்காரருக்குப் பைக் நிக்கப்போகுதுன்னு சொல்ற ஒரே சாமான் பிரேக் லைட். பழைய பைக்குகள்ல அது ஒன்னில் எந்த நேரமும் எரியுது, இல்லாட்டி கால் பிரேக்க முழுசா மிதிச்சாத்தான் எரியுது.

சுவருக்குப் பக்கத்துல பின்பக்கத்தத் திருப்பி நிப்பாட்டி பாருங்க. கால் பிரேக் ஒரு சென்டிமீட்டர் இறங்க முன்னுக்கு சுவர் சிவக்கணும். பிந்தினா, ஃப்ரேம்ல பொருத்தின பிரேக் சுவிட்சோட பிளாஸ்டிக் நட்டத் திருப்பி சுவிட்ச மேலுக்கு எடுங்க. திருப்பக்குள்ள சுவிட்சும் சேர்ந்து சுத்தாம கையால பிடிங்க, இல்லாட்டி வயர் முறுகி அறும். கை பிரேக்குக்குத் தனி சுவிட்ச், லீவருக்கு அடியில. மழைத்தண்ணி போய் துருப்பிடிக்கிறது அதுதான் முதல்ல. கையால மட்டும் பிடிச்சும் ஒருக்கா பாருங்க. பல்பு அநேகமா 12 வோல்ட் 21/5 வாட், ரெண்டு இழை. மங்கலா ஒரே மாதிரி எரிஞ்சா 21 வாட் இழை போயிட்டுது.

கியரக் குறைச்சு எஞ்சினால வேகம் இறக்கினா லைட் எரியாது. அந்த நேரம் கால் பிரேக்க லேசாத் தொட்டு வைங்க.

சிக்னலுக்கு எல்இடி போட்டுட்டுப் சிக்னல விட்டுவிட்டு எரிய வைக்கிற பழைய ஃப்ளாஷரையே விட்டா படபடன்னு அடிக்கும், இல்லாட்டி அடிக்காமலே எரிஞ்சுக்கிட்டு நிக்கும். எல்இடிக்குரிய ஃப்ளாஷர் ரிலே சேர்த்து வாங்குங்க. கார்க்காரங்களுக்கும் ஒன்னு சொல்லணும்: பைக் சிக்னல் தானா நிக்காது, ஆள்தான் நிப்பாட்டணும். மறந்துட்டுப் போறவங்க ஏராளம். சிக்னல் எரியுதுன்னு நம்பி அவருக்கு முன்னுக்கு வெட்டாதீங்க, வேகம் குறையுதான்னு பாருங்க.

நுழையிறதுக்கு இடைஞ்சல்னு மிரரக் கழட்டுற தம்பிமாருக்கு: ஹாண்டில விட வெளியில நீட்டாத குட்டி மிரர் கிடைக்குது. மிரர் தண்டுல 10 மில்லி மறை (திருகுப் புரி). யமஹாவுல வலது பக்கம் அநேகமா எதிர்மறை, அதாவது இடப்பக்கம் திருப்பி இறுக்குறது, மத்தப் பைக்கோட மிரர நெருக்கினா மறை வழுக்கிரும். அடாப்டர் கேட்டு வாங்குங்க.

கொழும்பு_ஆறு

கண்ணாடி மாஸ்டர் சொன்னபடி வைத்துப் பார்த்தேன். உள்கண்ணாடிக்கும் இடதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, திருத்தியாயிற்று. இடதில் ஒட்டுக்கண்ணாடியும் போடலாம் என்று நினைக்கிறேன். கதவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மழைக்கும் ஏதாவது?

லேர்னர்ஸ்_மாஸ்டர்

கதவுக்கு: கதவுக்குத் தூரமான கையால் திறக்க வேண்டும். நீங்கள் வலதில் இருப்பதால் இடது கையால், இடப்பக்கம் இருக்கும் பிள்ளை வலது கையால். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, ஆகவே பின் கதவு இரண்டுக்கும் சைல்ட் லொக் போட்டு நீங்களே இறங்கிப் போய்த் திறவுங்கள். கதவின் ஓரத்தில், பூட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன நெம்பு இருக்கும்.

அதைவிட முக்கியம் நிறுத்தும் இடம். நடைபாதையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு இடது கதவைத் திறப்பதுதான் ஆபத்து, அந்த ஒரு மீட்டர் பைக்கின் பாதை. 30 செ.மீ.க்குள் ஒட்டி நிறுத்தினால் அதற்குள் பைக் வராது. ஒட்ட இடமில்லையென்றால் காலி வீதியில் இறக்காமல் ஒழுங்கைக்குள் போய் இறக்குங்கள். கலர் லைட்டில் நிற்கும்போது “இங்கேயே இறங்குகிறேன்” என்பவருக்குக் கதவைத் திறந்துவிடவே வேண்டாம்.

டெலிவரி_150

மழைக்கு: ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில முதல் பத்துப் பதினைஞ்சு நிமிசம்தான் மோசம். றோட்டில கிடந்த எண்ணெயும் தூசியும் மிதக்கும். 40ல நிக்க 20 மீட்டர் எண்டது ஈரத்தில 27க்குப் போகும். கடவைக் கோட்டுப் பெயின்ட், மேன்ஹோல் மூடி, வேலை நடக்கிற இடத்து இரும்புத் தகடு, இதுகளுக்கு மேல பைக்கைச் சரிக்கவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. கார்க்காரர், முன்னுக்குப் போற பைக் இதுகளைச் சுத்தி வெட்டி எடுக்கும் எண்டு எதிர்பாத்துத் தூரத்தைக் கூட்டுங்கோ.

மழை எண்டதும் நாலு பக்கச் சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓடுற பழக்கத்தை விடுங்கோ. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போறியள் எண்டது எங்களுக்குத் தெரியாமப் போகுது. ஹெட்லைட்டைப் போடுங்கோ, காணும். பைக்காரர், மரைன் ட்ரைவால போறதெண்டால் கடற்காத்து உப்பு ஹெல்மெட் வைசரில படியும். அதைக் காய்ஞ்ச துணியால துடைச்சால் கீறிடும், இரவில எதிர் லைட் முழுக்கச் சிதறும். தண்ணி ஊத்தி, ஈரத் துணியால.

கொழும்பு_ஆறு

கடைசியாக ஒன்று: எதிரே வருபவர் லைட்டை இரண்டு தரம் அடித்தால் “போ” என்றா, “நில்” என்றா?

பஞ்சிகாவத்தை_பாட்ஸ்

நம்ம ஊர்ல அநேகமா “நான் வாறேன், நீ நில்லு”. சில பேர் “போ”ன்னும் அடிப்பாங்க. வேகம் குறையுதான்னு பாருங்க. குறையல்லன்னா நில்லுங்க.