பாட்டன் பாட்டியிடம் வளரும் செரோக்கிச் சிறுவனின் கதையை வகுப்பில் எவ்வாறு சொல்வது?

கேள்வி (தலவாக்கலை, ஆசிரியை)

வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் ஏழாம் தரத்திற்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பலருடைய தாய்மார் மத்திய கிழக்கிலும் தந்தையர் கொழும்பிலும் வேலை செய்வதால், பிள்ளைகள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அம்மாயியோடும் தாத்தாவோடும்தான் வளர்கிறார்கள். பெற்றோரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒரு சிறுவன் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பாடவேளை முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தான். அமெரிக்க மலைகளில் பாட்டன் பாட்டியிடம் காட்டோடு வளரும், செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றிக் கதை எழுதி வாசித்துக்காட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவில்லை. ஆனால் அந்த மக்களைப் பற்றிப் பொய்யாக எதையும் சொல்லிவிடக் கூடாது. அத்தகைய பிள்ளை உண்மையில் என்ன கற்றிருப்பான்?

பதில் 1 (கண்டி)

முதலில், அவனை அநாதையாகக் காட்டாதீர்கள். செரோக்கியரின் பழைய முறையில் குலம் தாய்வழியே வருவது. மொத்தம் ஏழு குலங்கள். மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்ந்ததால், வீடும் விளைநிலமும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. ஆகவே தாய்வழிப் பாட்டி இருக்கும் வீட்டில் பிள்ளை வளர்வது அங்கே குறையாகவே எண்ணப்படவில்லை. தந்தை வேறு குலத்தவர் என்பதால், பையனுக்கு வேட்டையையும் ஒழுக்கத்தையும் கற்பிக்கும் கடமை தாய்மாமனுடையது. தாய்மாமனுக்கு முதல் மரியாதை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அவர்களின் கல்வி பெரும்பாலும் கதை வழியாகவே நடந்தது. மனிதர்கள் அளவின்றி வேட்டையாடியதால் விலங்குகள் கூடி ஆளுக்கொரு நோயைப் படைத்தன என்றும், அதைக் கேட்ட செடிகள் இரங்கி ஒவ்வொன்றும் ஒரு மருந்தைத் தர ஒப்புக்கொண்டன என்றும் ஒரு கதை உண்டு. மானைக் கொன்றவன் அதனிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால், மான்களின் தலைவன் அவனை மூட்டுவாதத்தால் முடக்கிவிடுமாம். ஒரே நிலத்தில் சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் சேர்த்து நடுவார்கள். போஞ்சிக் கொடி சோளத்தண்டில் ஏறும், பூசணியிலை மண்ணின் ஈரத்தைக் காக்கும். பாட்டியின் பின்னால் நடந்தே பிள்ளை இதையெல்லாம் அறிந்துகொள்வான்.

பதில் 2 (பொகவந்தலாவையில் வளர்ந்தவர்)

நானும் தாத்தாவிடம் வளர்ந்தவன்தான். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்) முடிந்த மலையில் மிலாறு என்னும் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கும்போது, எந்தக் குச்சி புகையாமல் எரியும் என்பதை முறித்த ஓசையிலேயே சொல்லிவிடுவார். முள்முருங்கைத் தழையை ஏன் தேயிலைத் தூரில் போடுகிறார்கள், அட்டைக்கு ஏன் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்பனவற்றை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அது ‘பெயருக்கு’, அதாவது நாட்கூலிப் பதிவுக்கு, உழைத்த மனிதரின் அறிவு, வாழ்நாள் முழுதும் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்ற கால்களின் அறிவு. மலையின் அழகை மட்டும் எழுதி அந்தக் கால்களை விட்டுவிட்டால், பிள்ளைகள் தங்கள் தாத்தாவை அந்தக் கதையில் அடையாளம் காணமாட்டார்கள்.

செரோக்கியருடைய மலையும் பறிக்கப்பட்ட மலைதான். அமெரிக்க அரசின் 1830ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, 1838–39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள். அதில் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணிக்கிறார்கள். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே மாண்டுபோன நம் முன்னோரை நினைக்காமல் என்னால் இதை வாசிக்க முடியவில்லை. 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தம் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிய பின்னர், என் தாத்தாவின் அண்ணனும் கப்பலேறினார். தாத்தா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான், அதுவும் மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், என்னிடம் பேசினார்.

பதில் 3 (ஹப்புத்தளை)

கதை நடக்கும் காலத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்; இல்லையெனில் செரோக்கியர் இன்றும் காட்டில் வேட்டையாடி வாழ்வதாகவே பிள்ளைகள் எண்ணுவார்கள். செக்கோயா என்பவர் 1821இல் அவர்களுடைய மொழிக்கு எழுத்து அமைத்தார். ஓர் எழுத்து ஓர் அசையைக் குறிப்பதால், உயிர்மெய் கற்ற நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும். 1828இலேயே சொந்தப் பத்திரிகையும் நடத்தினார்கள். பிற்காலத்தில் விடுதிப் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதால், மொழி பாட்டன் பாட்டியரின் வாயிலேயே தங்கிவிட்டது. இன்று அவர்கள் பாடசாலைகளில் அதை மீண்டும் கற்பிக்கிறார்கள். அச்சிறுவன் பாட்டியிடம் முதலில் கற்றது மொழி என்று நீங்கள் எழுதினால், அது முற்றிலும் உண்மை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 1838இல் விரட்டப்படாமல் வட கரோலினா மலைகளில் தங்கிவிட்டவர்களுள் ஒரு குடும்பத்தைக் கதைக்கு எடுத்துக்கொள்கிறேன். அநாதை என்ற சொல்லை என் குறிப்பிலிருந்து அடித்துவிட்டேன். வரும் திங்களன்று, கதை வாசிப்பதற்கு முன்பு, வீட்டில் பெரியவர்கள் மட்டுமே பயன்படுத்தும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிறுவன் மட்டும் எழுந்து, ஐந்துக்கு மேலும் எழுதலாமா என்று கேட்டான்.