டெம்பரமென்ட் அசெஸ்மென்ட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சென்னையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நாய்க் காப்பகத் தொண்டர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தெருவிலிருந்து தூக்கி வந்த நாய்கள், வளர்த்தவர்கள் விட்டுப்போன நாய்கள் இவற்றில் எது மாற்றுத்திறனாளிக்கு உதவும் வேலைக்குச் சரிப்படும் என்று பார்ப்பதுதான் விஷயம். ரெஸ்க்யூ டாக், அசிஸ்டன்ஸ் டாக், டெம்பரமென்ட் அசெஸ்மென்ட் மூன்றுக்கும் இப்போதைக்கு மீட்பு நாய், உதவி நாய், மனோபாவ மதிப்பீடு என்று போட்டிருக்கிறேன். மூன்றாவது உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

மூன்றாவது மட்டுமா? மீட்பு நாய் என்றால் இடிபாட்டுக்குள் ஆளைத் தேடும் நாய் என்றே படும், மீட்புப் படை மாதிரி. "மீட்ட நாய்" என்று மாற்றினாலும் தப்பிக்க முடியாது. உண்ட சாத்தன், உண்ட சோறு இரண்டும் பெயரெச்சம்தான். நாய் மீட்டதா, நாயை மீட்டார்களா? "மீட்கப்பட்ட நாய்" என்று நீட்டிவிடுங்கள். 'படு' சேர்ந்தால் ஆங்கில வாடை என்பார்கள், அடித்தால் அடிக்கட்டும்.

டெம்பரமென்டுக்கு வள்ளுவரே வழி காட்டியிருக்கிறார். "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்." தெரிந்துதெளிதல் அதிகாரம். ஆளைத் தேர்ந்து வேலைக்கு வைப்பது பற்றியது, பொருத்தம் பாருங்கள். என் பரிந்துரை: குணநாடல்.

கோவையிலிருந்து:

குணம் வடசொல். வள்ளுவர் எடுத்தாண்டால் வடசொல் தமிழாகிவிடாது, ஐயா.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பாருங்கள். இலத்தீனில் அளவாகக் கலத்தல். பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் உடலின் நான்கு நீர்களும் கலந்திருக்கும் விகிதம்தான் ஒருவரின் டெம்பரமென்ட். நம் வளி, அழல், ஐயம் போல. இரும்பைக் காய்ச்சித் துவைக்கும்போது சொல்லும் டெம்பரும் அதே வேர். அதற்குக் கொல்லுப்பட்டறையில் நம் சொல் என்ன? பதம்! ஆகவே "பதம் பார்த்தல்", "நாய்ப்பதம்". ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சோதனை முறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அசிஸ்டன்ஸ் டாக்குக்கு "ஏவல் ஞமலி". ஞமலி நாய்க்குப் பழஞ்சொல். பட்டினப்பாலையில் ஞமலி ஆட்டுக்கடாவோடு துள்ளி விளையாடுகிறது, யாரும் அதற்கு அகராதி தேடவில்லை.

மதுரையிலிருந்து:

இந்தக் குழுவில் நான் வாசிப்பதோடு சரி. காப்பகத்தில் நாய்களைச் சோதிக்கிற வேலை என்பதால் எழுதுகிறேன். ஞமலி என்று அச்சடித்தால் கூண்டு கழுவும் அண்ணன் வந்து "இது எந்த நாட்டு ஜாதி?" என்று கேட்பார். குணநாடலிலும் சிக்கல் உண்டு. மருத்துவ அறை வாசலில் "குணம்" என்று எழுதினால் நோய் குணமாகிவிட்டதா என்றுதான் புரியும். "நாயைப் பதம் பார்த்தார்கள்" என்றால் எங்கள் மேல் புகார் வரும்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். நாய் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓர் அலுமினியச் சட்டியைத் தரையில் போடுவோம். குடையைப் படக்கென்று விரிப்போம். முன்னங்கால் விரலிடுக்குத் தோலை மெல்லப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவோம், காலை இழுத்துக்கொள்கிறதா, திரும்பிக் கையை நக்குகிறதா, பல்லைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். சாப்பிடும்போது கம்பில் மாட்டிய ரப்பர் கையைத் தட்டுக்குள் விடுவோம். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் உருட்டுவோம். சட்டி விழுந்ததும் துள்ளினால் அந்த நாயைத் தள்ளிவிட மாட்டோம். துள்ளவே இல்லையென்றால்தான் காது கேட்கிறதா என்று சந்தேகப்படுவோம். துள்ளிய நாய் எவ்வளவு நேரத்தில் தானாக வந்து சட்டியை முகர்கிறது? முக்கியமானது அதுதான். அதற்குத் தமிழில் ஒரு சொல் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

இன்னொன்று. சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு நிறைய வருகிறது. தங்கமான நாய்கள், ஆனால் ஓடுவதைக் கண்டால் விடாது. பார்வையில்லாதவர் கையில் கயிறு இருக்கும்போது அணில் குறுக்கே போனால் என்ன ஆகும்? இதைக் குற்றம் என்று எழுத எனக்கு மனசில்லை.

டொரண்டோவிலிருந்து:

எங்கட யாழ்ப்பாணத்தில் நாய் "வெருளும்" என்றுதான் சொல்லுவோம். துள்ளுவதற்கு "வெருட்சி" வையுங்கோ. பிறகு பழைய நிலைக்கு வருவது "தேறுதல்". நோயிலிருந்து தேறுவது, பரீட்சையில் தேறுவது இரண்டும் அதற்குள் நிற்கும்.

உதவி நாய் என்பதில் கை வைக்க வேண்டாம். அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு மூன்று வகை சொல்கிறது: பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, காது கேளாதவருக்கு ஒலியை அறிவிப்பது, மற்ற இயலாமைகளுக்கு உதவுவது. மூன்றையும் அடக்க ஒரு பொதுச்சொல் வேண்டும். பிரச்சினை என்னவென்றால், ஒலி அறிவிக்கும் நாய்க்குச் சத்தம் கேட்டால் துடிப்பு வேண்டும். சக்கர நாற்காலியோடு போகும் நாய் அதே சத்தத்தைக் கண்டுகொள்ளக் கூடாது. பிறகு குணம் எது, குற்றம் எது?

தஞ்சாவூரிலிருந்து:

அருமை! மறுபடி வள்ளுவர்தான்: "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்." அங்கே தேறுதல் நம்புதல். நோய் நீங்குதல், வெற்றி, நம்பிக்கை மூன்றும் ஒரே சொல்லில். "தேறல் நேரம்" என்று வைத்துவிடலாம்.

கோவையிலிருந்து:

தேறல் என்றால் சங்க இலக்கியத்தில் தெளிந்த கள், ஐயா. தேறல் நேரம் என்று அச்சடித்தால் மதுக்கடை திறக்கும் நேரம் என்று ஆகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:

சரி, "தேறும் நேரம்". விரலிடுக்கு அழுத்தம் பற்றி மதுரைக்காரர் சொன்னதும் நாலடியார் நினைவுக்கு வந்தது. "எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும் நாய்." வீசிய வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே வாலை ஆட்டுகிறதாம். இதைவிட நல்ல உதவி நாய் கிடைக்குமா?

மதுரையிலிருந்து:

ஐயா, அந்த நாயைத் தேர்வு செய்ய மாட்டேன். முதலில் தைத்த வேலைப் பிடுங்கிக் கட்டுப்போடுவேன். வால் ஆட்டுவதெல்லாம் மகிழ்ச்சி ஆகாது. வாலைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கி, வேகமாக ஆட்டினால் "அடிக்காதே" என்று கெஞ்சுகிறது என்று அர்த்தம்.

நானும் ஒரு யோசனை சொல்கிறேன்: "நடத்தை மதிப்பீடு". குணம், பண்பு, இயல்பு எல்லாம் நாய்க்குள்ளே மாறாமல் இருப்பதைப் பிடித்துவிட்டோம் என்று சொல்கின்றன. நாங்கள் பார்ப்பது கூண்டுக்குள் ஒரு நாளில் நடந்ததை. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள் நாய்களின் இரத்தத்தில் கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன் ஏறியே இருக்கிறது என்று 1997இல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு, காப்பகத்து நாய்களுக்கு இந்தத் தேர்வுகளை வைத்துவிட்டுப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தது. தேர்வில் நன்றாகச் செய்ததை வைத்துப் பயிற்சியில் எப்படிச் செய்யும் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கோவை அண்ணா சொன்ன ஒரு சோற்றுப் பதம் சோற்றுக்குச் சரி.

கோவையிலிருந்து:

நடத்தை என்பது பள்ளிக்கூடச் சான்றிதழ்ச் சொல். "நடத்தை: நன்று" என்று எழுதி நாய் கையில் கொடுப்பீர்களா? கருத்து சரிதான், ஆனாலும் மூல நூலில் டெம்பரமென்ட் என்றுதானே இருக்கிறது? மூல ஆசிரியரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் வேலையா?

சென்னையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. தனிமடலிலும் பலர் எழுதியதால் பெரும்பான்மைப்படி "இயல்பு மதிப்பீடு" என்று அனுப்பிவிட்டேன். மீட்கப்பட்ட நாய், உதவி நாய், வெருட்சி, தேறும் நேரம் நான்கும் உள்ளே போயிருக்கின்றன. ஞமலி போகவில்லை, மன்னிக்கவும். முதல் மூன்று நாள் பற்றி ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப் பதிப்பாளர் சம்மதித்தார்.

மதுரையிலிருந்து:

அட்டையில் என்ன இருந்தாலும் எங்கள் படிவத்தில் "நடத்தை" என்றே இருக்கும். பக்கத்தில் தேதியும் போடுவோம், இரண்டு வாரம் கழித்து மறுபடி சட்டியைப் போடுவோம்.

கோவையிலிருந்து:

தேதி வடசொல். "நாள்" என்க.